திமிங்கிலத்தை விழுங்கிய சுறா

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இந்த நிகழ்ச்சிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று என்னைச் சற்றுத் தடுமாற வைத்தது. எழுதியவர் திருகோணமலைப் பக்கத்தில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி. கடிதம் சிறியது. "ஐயா, 'த மெக்' என்ற ஆங்கிலப் படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அந்தப் பெரிய சுறா இப்பவும் ஆழ்கடலில் இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். இல்லை, அது அழிந்துவிட்டது என்று நான் சொல்கிறேன். எங்கள் அம்மா படித்த காலத்துப் பாடசாலை மலர் ஒன்று வீட்டில் உண்டு. அதில் நீங்கள் எழுதிய கட்டுரையில் அந்தச் சுறா நூறு அடி நீளம் என்றும் இன்றும் எங்கேனும் உயிரோடிருக்கக்கூடும் என்றும் அச்சிட்டிருக்கிறது. தம்பி அதைக் காட்டிக் காட்டி என்னை மடக்குகிறான். எது சரி?"

அந்தக் கட்டுரை எனக்கு நினைவிருக்கிறது. மலராசிரியர் அவசரப்படுத்தியபோது, ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் படித்ததை வைத்து ஒரே இரவில் எழுதிக் கொடுத்தது. அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அச்சில் ஏறிய பிழை எத்தனை ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதை அந்தப் பிள்ளையின் கடிதந்தான் எனக்குச் சொல்லித் தந்தது. எனவே இன்று கவிதையையும் நாவலையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அந்தச் சுறாவைப் பற்றியே பேசப் போகிறேன். இலக்கிய உரையில் சுறாவுக்கு என்ன வேலை என்று கேட்கும் நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கற்பனைக்கும் சான்றுக்கும் இடையிலான வழக்கு இலக்கியத்துக்குப் புறம்பானது என்று நான் நினைக்கவில்லை.

முதலில் ஒரு சொல். திமிங்கிலம் என்று நாம் அன்றாடம் சொல்லும் பெயரே ஒரு சிறுகதை. 'திமி' என்பது பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். வடமொழி மரபு அதோடு நிற்கவில்லை. திமிங்கிலத்தையும் விழுங்கும் ஒன்றைக் கற்பித்து அதற்குத் 'திமிங்கிலகிலம்' என்று பெயரிட்டது. கடலில் எவ்வளவு பெரியதைக் கண்டாலும் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கும் என்று எண்ணுவது மனிதரின் பழக்கம். திமிங்கிலங்களைக் கடித்துத் தின்ற சுறா ஒன்று உண்மையில் இருந்ததை இன்று நாம் அறிவோம். உடனே, "பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு எல்லாம் முன்னரே தெரிந்திருந்தது" என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். அந்தச் சுறா கடைசியாக நீந்தியபோது பூமியில் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. சொல்லைப் படைத்தவர்கள் சுறாவைக் காணவில்லை. சுறாவைக் கண்டுபிடித்தவர்கள் சொல்லை அறியவில்லை. பொருத்தம் தற்செயலானது. அதனாலேயே எனக்கு அது பிடித்திருக்கிறது.

கண்டுபிடித்த கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது.

அங்கே பாறைகளுக்குள்ளிருந்து முக்கோண வடிவான, பளபளப்பான கற்கள் காலங்காலமாகக் கிடைத்துவந்தன. அவற்றை 'நாக்குக் கற்கள்' என்றார்கள். உரோம அறிஞர் பிளினி, நிலவு மறையும் இரவுகளில் அவை வானத்திலிருந்து விழுகின்றன என்ற நம்பிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். மோல்ற்றாத் தீவில் வேறொரு கதை. புனித பவுல் கப்பல் உடைந்து அத்தீவில் கரையேறியபோது பாம்பு ஒன்று அவர் கையைப் பற்றியதும், அவருக்கு ஒரு தீங்கும் நேராததும் விவிலியத்தில் உள்ளது. தீவு மக்கள் அதற்கு ஒரு தொடர்ச்சியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் அத்தீவின் பாம்புகளைச் சபித்தார், பாம்புகளின் நாக்குகளெல்லாம் கல்லாகிவிட்டன என்பது அந்தக் கதை. கல்லான நாக்கு நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கையும் பின்னால் வந்தது. நஞ்சூட்டலுக்கு அஞ்சிய பிரபுக்கள் விருந்து மேசையில் இந்தக் கற்களை அலங்காரமாகத் தொங்கவிட்டு, வைன் கிண்ணத்துள் அமிழ்த்திப் பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.

சிரிக்க வேண்டாம். நம்மிடமும் இதற்கு நிகரானது உண்டு. சுறவின் கொம்பை நட்டு அதில் தெய்வம் உறைவதாகப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அஞ்சியதன் உறுப்பு ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டால் அச்சம் தணியும் போலும்.

1666 ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் மிகப் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தார்கள். தஸ்கனியின் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாண்டோ அதன் தலையைப் புளோரன்சுக்கு அனுப்புமாறு பணித்தார். அங்கே அவருடைய ஆதரவில் இருந்த இளம் உடற்கூற்று அறிஞர் ஒருவரிடம் அந்தத் தலை ஒப்படைக்கப்பட்டது. அவர் நிக்கொலாஸ் ஸ்ரெனோ. டென்மார்க் நாட்டவர். அப்போது அவருக்கு வயது 28. தலையை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தவருக்குப் பற்களைக் கண்டதும் மற்றெல்லாவற்றிலும் நாட்டம் குறைந்திருக்க வேண்டும். அவை நாக்குக் கற்களின் அச்சு அசலான வடிவம்.

இதை முதன்முதலில் சொன்னவர் அவரல்லர். பாபியோ கொலொன்னா என்ற இத்தாலியர் 1616 இலேயே நாக்குக் கற்கள் சுறாப் பற்கள்தான் என்று எழுதிவிட்டார். ஸ்ரெனோவின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். சுறாவின் பல்லானால் அது எப்படி மலைப்பாறைக்குள் போனது? பாறை என்பது ஒரு காலத்தில் நீருக்கடியில் மெல்லப் படிந்த சேறாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை. 1667 இல் அதை நூலாக வெளியிட்டபோதும் 'இதுதான் உண்மை' என்று மார்தட்டவில்லை. ஊகங்கள் என்றே முன்வைத்தார். 1669 இல் இன்னொரு நூலில், அடியிலுள்ள படை முந்தியது, மேலுள்ளது பிந்தியது என்று எழுதினார். இன்று புவிச்சரிதவியல் படிக்கும் எந்த மாணவனும் முதல் பாடத்தில் கற்பது இதைத்தான். ஒரு சுறாத் தலையிலிருந்து பூமியின் வரலாற்றையே வாசிக்கும் முறை பிறந்தது. ஸ்ரெனோ பின்னாளில் விஞ்ஞானத்தை விட்டுக் கத்தோலிக்கக் குருவாகி, ஆயருமாகி, ஏழ்மையில் மறைந்தார். 1988 இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளிக்கப்பட்டது. பவுலடிகளின் பாம்புக் கதையைத் தகர்த்தவருக்குத் திருச்சபை அளித்த மரியாதை என்று இதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு புன்னகை வருவதுண்டு.

ஸ்ரெனோ ஆராய்ந்தது இன்றும் வாழும் பெரும் வெண்சுறாவின் தலை. பாறைகளிலிருந்த பற்களிற் பலவோ அதைவிடப் பன்மடங்கு பெரியவை. அந்தப் பற்களுக்குரிய சுறா இப்போது இல்லை என்று அந்த நூற்றாண்டில் யாரும் எண்ணவில்லை. ஓர் உயிரினம் அடியோடு இல்லாமற் போகலாம் என்ற எண்ணமே அன்று ஏற்கப்பட்டிருக்கவில்லை. இறைவன் படைத்தது எப்படி மறையும்? 1796 இல் பிரெஞ்சு அறிஞர் குவியே, பாறைகளில் கிடைக்கும் யானை எலும்புகள் இன்றைய யானைகளுடையவை அல்ல, அழிந்துபோன இனத்தவை என்று நிறுவிய பின்னரே 'இனவழிவு' என்பது அறிவுலகத்துள் நுழைந்தது. நாம் இன்று வெகு சாதாரணமாகப் பயன்படுத்தும் சில எண்ணங்களின் வயது எவ்வளவு குறைவு!

சுவிற்சலாந்தில் பிறந்த லூயி அகாசி, உயிர்ச்சுவட்டு மீன்களைப் பற்றி 1833 முதல் வெளியிட்ட பெருநூல் வரிசையில்தான் நம் சுறா பெயர் பெற்றது. 'மெகலடொன்' என்றார். கிரேக்க மொழியில் பெரும்பல் என்று பொருள். நம் ஊரில் பல்லன் என்று பட்டப்பெயர் வைப்பதற்கு இது பெரிதும் வேறானதல்ல. பல்லின் ஓரத்தில் வாள்போல் இருந்த நுண்பற்களைக் கண்டு இதனைப் பெரும் வெண்சுறாவின் சாதியில் சேர்த்தார். அது பொருந்தாதென்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 'ஒட்டோடஸ்' என்ற சாதியில், அழிந்துபோன வேறொரு குடும்பத்தில் இதனை வைக்கிறார்கள். வெண்சுறா இதன் பேரனல்ல, தூரத்து உறவினன்.

இனி என் நூறு அடிக்கு வருகிறேன்.

சுறாவின் உடற்கூட்டில் எலும்பு கிடையாது. எல்லாம் கசியிழையம். இறந்ததும் அது சிதைந்து கரைந்துவிடும். பல் மட்டும் கடினமானது. சுறாவுக்குப் பல் விழுந்து முளைப்பது ஆயுள் முழுவதும் நடப்பதால் ஒரு சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது. ஆகவே மெகலடொனின் பற்கள் துருவப் பகுதிகள் தவிர்ந்த உலகெங்கும் கிடைக்கின்றன. முழு உடற்கூடு ஒன்றேனும் கிடைத்ததில்லை. பெரிய பற்கள் 18 சென்ரிமீற்றர் வரை உள்ளவை. உங்கள் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவு. அந்த ஒரு பல்லை வைத்துக்கொண்டு உடலை எழுப்ப வேண்டும். ஒரே ஒரு சொல் எஞ்சிய காவியத்தை முழுவதும் எழுதச் சொல்வது போன்ற வேலை.

1909 இல் நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் பஷ்போர்ட் டீன் என்பவர் அதன் தாடையை மீளமைத்துக் காட்டினார். அத்தாடைக்குள் ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. வாய் அவ்வளவென்றால் உடல் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் 30 மீற்றர் என்றார்கள். அதாவது நூறு அடி. நான் படித்த சஞ்சிகையும் அந்தப் படத்தைத்தான் அச்சிட்டிருந்தது. டீன் செய்த பிழை எளியது. தாடையின் ஓரங்களுக்குப் போகப் போகச் சுறாவின் பற்கள் சிறுத்துக்கொண்டே போகும். அவரோ பெரிய பற்களையே வரிசை முழுக்கப் பதித்துவிட்டார். வாய் பெருத்துவிட்டது. 1973 இல் ஜோன் ரண்டல் என்ற மீனியல் அறிஞர், வெண்சுறாவின் பல்லுக்கும் உடலுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு கணித்து ஏறத்தாழ 13 மீற்றர் என்றார். என் கட்டுரை அச்சேறியது அதற்கு எத்தனையோ ஆண்டுகள் கழித்து! தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை.

அதன் பிறகும் அளவு நிலைகொள்ளவில்லை. பெல்ஜியத்தில் அந்வேர்ப் நகர்ப்பக்கம் 19 ஆம் நூற்றாண்டில் கிடைத்த முள்ளென்புகள் பிரசெல்ஸ் நூதனசாலையில் உள்ளன. ஒரே சுறாவுக்குரியவை எனக் கருதப்படும் 141 முள்ளென்புகள். அவற்றிலிருந்து 2022 இல் கணினி மூலம் உடலை எழுப்பிய ஆய்வாளர்கள், நீளம் ஏறத்தாழ 16 மீற்றர், எடை 61 தொன் என்றனர். 2024 இல் வேறொரு குழுவினர் இதை மறுத்தனர். எல்லோரும் மெகலடொனை ஊதிப்பெருத்த வெண்சுறாவாகவே வரைகிறார்கள், உண்மையில் அது இன்னும் ஒல்லியாக, நீண்டு இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். 2025 இல் டென்மார்க்கில் கிடைத்த பெரிய முள்ளென்புகளை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு 24 மீற்றர் வரை போயிற்று. 24 மீற்றர் என்றால் எண்பது அடி. என் நூறு அடிக்கு இன்னும் இருபது அடி குறைவு. திருவிழாக் கொட்டகையில் ஊஞ்சல் போய்ப் போய் வருவதுபோல் இந்த அளவு போய் வருகிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏன் போகிறது, ஏன் வருகிறது என்று காரணம் சொல்கிறார்கள். நான் எழுதிய நூறு அடிக்கு ஒரு புகைப்படத்தைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

அந்த பெல்ஜிய முள்ளென்புகளில் மரத்தின் ஆண்டு வளையம்போல் வளையங்கள் உண்டு. எண்ணிப் பார்த்ததில் 46. அந்தச் சுறா 46 வயதில் இறந்திருக்கிறது. பிறக்கும்போதே 2 மீற்றருக்குக் குறையாத நீளம் என்று 2021 இல் கணித்தார்கள். இப்போது அதையும் கூட்டி, 3.6 மீற்றருக்கு மேல் என்கிறார்கள். தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே மற்ற முட்டைகளைத் தின்று வளர்ந்திருந்தாலொழிய இவ்வளவு பெரிய குட்டி பிறக்க முடியாது. அந்தக் குடும்பத்தை ஒத்த இன்றைய சுறாக்கள் சிலவற்றில் இது கண்கூடாகக் காணப்படுவது. பாதிக்கதை வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிகிறது.

தின்றது என்ன? பெரு நாட்டின் பிஸ்கோப் பாலைவனத்தில் கிடைத்த சிறிய திமிங்கிலங்களின் எலும்புகளில் இதன் பல் பதிந்த தழும்புகள் உள்ளன. சிறிய திமிங்கிலம் என்றாலும் 5 மீற்றர் நீளமானது. பல்லிலுள்ள தனிமங்களைக் கொண்டும் உணவை அறிகிறார்கள். 2022 இல் நைதரசனை வைத்தும் நாகத்தை வைத்தும் இரண்டு ஆய்வுகள் வந்தன. நாகம் என்றதும் பாம்பை நினைக்க வேண்டாம், நமது இரசாயனப் பாடநூல்களில் வரும் உலோகம். பாம்பின் நாக்கு என்று மக்கள் எண்ணிய கல்லை, இறுதியில் நாகத்தை வைத்தே வாசித்தார்கள் என்பதில் தமிழ் வாசகருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சுவை இருக்கிறது. உணவுச் சங்கிலியின் உச்சியில் இது இருந்ததென்று அந்த ஆய்வுகள் காட்டின. 2025 இல் வந்த இன்னோர் ஆய்வு, இது திமிங்கிலம்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கவில்லை, கிடைத்ததைத் தின்றது என்கிறது. நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஓர் இலட்சம் கிலோ கலோரி தேவைப்பட்டிருக்கும். ஐம்பது மனிதரின் ஒருநாட் சாப்பாடு.

இவ்வளவு தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் உடற்சூடு. மீன் என்றால் குளிர்க்குருதி என்று படித்தோம். 2023 இல் வெளியான ஆய்வொன்று, இதன் உடல் சுற்றியிருந்த நீரைவிட ஏறத்தாழ 7 பாகை வெப்பமாக இருந்ததென்று பற்களிலிருந்து கண்டறிந்தது. சூடான உடலால் வேகமாக நீந்தலாம், குளிர்ந்த நீருக்குள்ளும் புகலாம். ஆனால் அடுப்பு எரிய விறகு வேண்டும். விறகு குறைந்த நாளில் பெரிய அடுப்புத்தான் முதலில் அணையும்.

இனி அந்தத் தம்பியின் கட்சி. ஆழ்கடலில் அது இன்னும் இருக்கிறதா?

தம்பியின் பக்கம் சாட்சி இல்லாமலில்லை. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த 'சலஞ்சர்' என்ற பிரித்தானியக் கப்பல் பசிபிக் சமுத்திரத்தின் அடியிலிருந்து மெகலடொன் பற்களை வாரி எடுத்தது. 1959 இல் ஓர் ஆய்வாளர், அப்பற்களின் மேல் படிந்திருந்த மங்கனீசுப் பூச்சின் தடிப்பை அளந்து அவற்றின் வயது 24,000 ஆண்டும் 11,000 ஆண்டும் என்றார். பதினோராயிரம் ஆண்டு புவிச்சரிதக் கணக்கில் நேற்று மாலை. நேற்று மாலை இருந்தது இன்று காலை ஏன் இருக்கக்கூடாது? என் கட்டுரையின் கடைசிப் பந்தி இதுதான். மங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை, அக்கணக்குச் செல்லாது என்று பின்னர் தள்ளிவிட்டார்கள். ஆனால் தள்ளப்பட்ட செய்தி, கதை போன இடங்களுக்கெல்லாம் போகவில்லை. 2013 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியொன்று நடிகர்களை விஞ்ஞானிகளாக நிறுத்தி, மெகலடொன் உயிரோடிருக்கிறது என்று விவரணப்படம் போன்றதொரு கற்பனையை ஒளிபரப்பிற்று. பார்த்தவர்களில் மிகப் பலர் நம்பினார்கள். ஸ்டீவ் அல்ரன் 1997 இல் எழுதிய நாவலையும், அதிலிருந்து 2018 இல் வந்த படத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவை தம்மைக் கதை என்று சொல்லிக்கொண்டே வந்தவை. கதை தன்னைச் செய்தி என்று சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என்மேலும் உண்டு.

அது ஆழ்கடலில் ஒளிந்திருக்க முடியாது, தம்பி. ஆழ்கடலில் இருளும் குளிரும் பஞ்சமுமே உள்ளன. இது கரையோரக் கடலில், திமிங்கிலங்கள் திரியும் நீரில் வாழ்ந்தது. பனாமாவில் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு பழைய பாறைகளில் குட்டிகளின் பற்களே பெரும்பாலும் கிடைப்பதைக் கண்டு, அவ்விடம் குட்டிகள் வளர்ந்த ஆழமற்ற கடலென்று 2010 இல் எழுதினார்கள். நாளும் பல்லுதிர்க்கும் பிராணி அது. இருக்குமானால் புதிய பல் ஒன்றாவது கிடைக்க வேண்டாமா? கரையொதுங்கும் எத்தனையோ திமிங்கிலங்களில் ஒன்றிலாவது அந்தக் கடி இருக்க வேண்டாமா?

அப்படியானால் எப்போது, எப்படி மறைந்தது? ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இனம் இது. 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்ததென 2014 இல் கணித்தனர். அந்தக் காலத்தில் அருகே வெடித்த விண்மீன் ஒன்றின் கதிர்வீச்சு காரணமாகலாம் என்றுகூட ஒரு கருத்து வந்தது. 2019 இல் வேறொரு குழு, பழைய பற்கள் ஒவ்வொன்றும் எந்தப் படையிலிருந்து வந்தது என்று பதிவேடு பதிவேடாகச் சரிபார்த்தது. திகதி தவறானவை, இடம் தெரியாதவை, பழைய பாறையிலிருந்து கழுவுண்டு புதிய பாறைக்குள் வந்தவை எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்ததில், 36 இலட்சம் ஆண்டுகளுக்குப் பின் நம்பத்தக்க பல் ஒன்றுமில்லை. விண்மீன் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விட்டது. சுறா அதற்குப் பத்து இலட்சம் ஆண்டுகள் முன்னரே இல்லை. துப்பறியும் கதைகளில்கூட இவ்வளவு அமைதியான விசாரணையை நான் படித்ததில்லை.

எஞ்சியவர்கள் மூவர். ஒன்று குளிர். பூமி மெல்லக் குளிர்ந்து, நீர் பனியாக இறுகிக் கடல்மட்டம் தாழ்ந்து, குட்டிகள் வளரும் ஆழமற்ற கடல்கள் சுருங்கின. இரண்டாவது பஞ்சம். சிறிய திமிங்கில இனங்கள் பல மறைந்தன. எஞ்சியவை பெருத்தன, உணவு தேடித் துருவக் கடல்வரை போய்வரப் பழகின. மூன்றாவது அந்தத் தூரத்து உறவினன். சுமார் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பசிபிக்கில் தோன்றிய வெண்சுறா, 40 இலட்சம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிவிட்டது. நாக ஆய்வு, இரண்டும் ஒரே சட்டியில் கைவைத்திருக்கலாம் என்று காட்டுகிறது. வளர்ந்த மெகலடொனை வெண்சுறா என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. ஆனால் மெகலடொனின் குட்டி உண்ண வேண்டியதை அது உண்டுவிடலாம். பேரரசுகள் பெரும்போரில் மட்டும் வீழ்வதில்லை என்று வரலாறு படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இம்மூன்றில் இதுதான் என்று யாரும் தீர்ப்பெழுதவில்லை. மூன்றும் சேர்ந்து என்பதே என் சாய்வு. மெகலடொன் தனியாகவும் போகவில்லை. அந்தக் காலப்பகுதியில் கடலின் பெரும் பிராணிச் சாதிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மறைந்தன என்று 2017 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுள்ளது.

இன்றைய சுறாக்களின் கணக்கும் நல்லதாயில்லை. திறந்த சமுத்திரத்தில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970 இலிருந்து 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. காரணம் மீன்பிடி. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறா வறை வைத்துக் கொடுத்த ஊரில் வளர்ந்தவன் நான். அந்த ருசி இப்போதும் நாவிலிருக்கிறது. ஆகையால் யாருக்கும் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. எண்ணை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நேரம் முடியப்போகிறது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வலிகாமம் வடக்கில் எங்கள் அம்மாவின் சீதன வீட்டுக் கிணறு சுண்ணக்கல்லைக் குடைந்து வெட்டியது. சிறுவனாயிருந்தபோது, கிணற்றடியில் குவிந்திருந்த கற்களில் சிப்பி, சோகி வடிவங்கள் பதிந்திருப்பதைக் காட்டி அம்மம்மாவிடம் கேட்டேன். "இதெல்லாம் ஒருக்காக் கடல்தான் மோனை. கடல் எழும்பிப் போகேக்கை விட்டிட்டுப் போன சாமான்" என்றா. அம்மம்மாவுக்கு எழுத்து வாசிப்பு அவ்வளவாக இல்லை. ஸ்ரெனோவைக் கேள்விப்பட்டிருக்க நியாயமேயில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்துக் கடலில் படிந்தது என்பதைப் பின்னாளில் படித்தபோது அவவின் வார்த்தை நினைவுக்கு வந்தது. மெகலடொன் உலகக் கடல்களில் உலாவிய அதே காலம் அது.

1990 இல் அந்த வீட்டைவிட்டு வெளியேறினோம். 2016 இல் காணி திரும்பக் கிடைத்துப் பார்க்கப் போனபோது வீடு இருக்கவில்லை. கூரை, கதவு, நிலை, சுவர் ஒன்றுமில்லை. பற்றை வெட்டிக்கொண்டே போனதில் கிணறு மட்டும் அகப்பட்டது. பாதிக்குமேல் இடிபாடு நிரம்பியிருந்தது. தூர்வார வந்த பையன்களில் ஒருவன் உள்ளிருந்து ஒரு கல்லைத் தூக்கித் தந்து, "ஐயா, கல்லுக்குள்ள சிப்பி கிடக்கு, எப்பிடி வந்தது?" என்று கேட்டான். அம்மம்மா சொன்னதையே சொன்னேன்.

அந்தக் கல் இப்போது என் மேசையில் கடிதங்கள் பறக்காமல் பாரமாக இருக்கிறது. மாணவியின் கடிதமும் அதன் கீழேதான் இருந்தது. அவருக்குச் சென்ற வாரம் பதில் எழுதிவிட்டேன். நூறு அடி பிழை. உயிரோடில்லை. மலரின் அந்தப் பக்கத்தை எடுத்து இரண்டையும் பேனையால் வெட்டி, ஓரத்தில் என் பெயரைப் போட்டுத் திருத்திவிடுங்கள், தம்பி பார்க்கும்படியாக.